பனிமலை ஏறிச் சறுக்கப் போகிறீர்களா? பனிச்சரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிஸில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகை புதிய பொருள் இல்லை. பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமிலேயே பழகிவிடுகிறார்கள். இப்போது அவர்களில் சிலர் லிஃப்டை விட்டுவிட்டு, பின்னால் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் தோல் ஒட்டி, சொந்தக் காலால் மலை ஏறி, ஆள் படாத பனியில் இறங்கப் போகிறார்கள். ஜெர்மனில் இதற்கு ஸ்கீடூர் என்று பெயர். நானும் பல குளிர்காலங்களாக இப்படிப் போய் வருகிறேன். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கண்ட இடத்தில் மறித்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். இதை வாசித்தால் மலைக்குப் போகத் தகுதி வந்துவிடும் என்று யாரும் எண்ணவேண்டாம். வகுப்புக்குப் போவதற்கு முன் எதைப் படிக்கப் போகிறோம் என்று விளங்கினால் அதுவே போதும்.

லிஃப்ட் பாதையில் பன்னிரண்டு வருடமாகச் சறுக்குகிறேன். மிகக் கடினமான கறுப்புப் பாதையும் இறங்குவேன். இன்னும் என்ன படிக்க இருக்கிறது?

சறுக்கத் தெரிவது வேறு, பனியைத் தெரிவது வேறு. நீல, சிவப்பு, கறுப்புக் கம்பங்கள் நட்ட பாதைகளில் உங்களுக்காக வேறொருவர் யோசித்துவிட்டார். இரவில் பனி கொட்டினால், நீங்கள் காலைக் கோப்பி குடிக்கிற நேரத்தில் பாதுகாப்புப் பணியாளர்கள் மேலே வெடி வைத்து, இறங்கக்கூடிய பனியை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் பாதையைத் திறக்கிறார்கள். மஞ்சள் கம்பம் நட்ட பாதைகளில் பனியை இயந்திரம் சீர்செய்வதில்லை, ஆனால் பனிச்சரிவுக் காவல் உண்டு. கடைசிக் கம்பத்தைத் தாண்டியதும் அந்த யோசனை முழுவதும் உங்கள் தலையில் ஏறுகிறது.

நன்றாகச் சறுக்குபவருக்குச் செங்குத்தான, புதுப்பனி மூடிய சாய்வுதான் பிடிக்கும். பனிச்சரிவுக்கும் அதே சாய்வுதான் பிடிக்கும். அதனால் கெட்டிக்காரருக்கு ஆபத்துக் கூடும், குறையாது. பனிக்காலணி மாட்டி நடக்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம் முழுவதும் பொருந்தும். நடப்பவர் பாரமும் பாரந்தான்.

பனிச்சரிவு என்றால் மேலிருந்து உருண்டு வருவதுதானே? மேலே பார்த்துக்கொண்டு போனால் போதாதா?

படங்களில் பார்த்துப் பழகிய எண்ணம் இது. உண்மையில் சறுக்கப் போய்ச் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை அடிப்பது, அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோ காலால் அறுத்துவிட்ட பனிதான்.

ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன் மேல் ஒரு துண்டுப் பாணை வையுங்கள். தட்டை மெல்லச் சாயுங்கள். ஒரு கட்டத்தில் பாண் துண்டு முழுதாக, ஒரே நேரத்தில் வழுக்கும். சறுக்குபவர்களைக் கொல்லும் பலகைப் பனிச்சரிவு இதுதான். பாண் என்பது காற்று அடித்து இறுகிய பனித்தட்டு. சீனி என்பது அதற்கு அடியில் இருக்கும் பலவீனப் படை, அதாவது பலமில்லாத பனி அடுக்கு.

சீனி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தரும் விஷயம். நவம்பரில் கொஞ்சம் பனி விழுகிறது. பிறகு வாரக்கணக்கில் தெளிந்த வானம், கடுங்குளிர். நிலம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்க, பனியின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை போகும். அந்த மெல்லிய படைக்குள் கீழிருந்து மேலே நீராவி நகர்ந்து, பனித்துகள்களைக் கோணக்கோணலான பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது, விரலிடையால் கொட்டிப்போகும். இதன் மேல் டிசம்பரில் ஒரு மீட்டர் பனி விழுந்தால் மேலே எல்லாம் அழகாகத்தான் தெரியும். தெளிந்த இரவில் பனியின் மேல் பூக்கும் மினுமினுப்பான உறைபனியும் அப்படித்தான். காலையில் அதைப் படம் பிடிப்போம். அடுத்த பனி அதை மூடியபின் அதுவே பலவீனப் படை.

ஓர் ஆள் பாரம் ஒரு புள்ளியில் இந்தப் படையை உடைத்தால், உடைவு பக்கவாட்டில் ஓடுகிறது. உங்கள் காலடியில் தொடங்கி, ஐம்பது மீட்டர் மேலே தட்டு அறுந்து வரலாம். சமதரையில் நின்றபடியே பக்கத்துச் சாய்வை இறக்கிவிடவும் முடியும். பனித்தட்டு மெல்லியதாய் இருக்கும் இடத்தில், பாறைக்குப் பக்கத்தில், அந்தப் படை காலுக்குக் கிட்ட இருக்கிறது. நாலு பேர் போன தடத்தில் ஐந்தாமவர் விழுவது இப்படித்தான். தடம் இருக்கிறது என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

பனிச்சரிவு அறிவிப்பில் ‘3’ என்று போட்டிருந்தால், ஐந்தில் மூன்று, நடுத்தரம் என்றுதானே அர்த்தம்?

எனக்கு அதிகம் கவலை தருகிற கேள்வி இது.

டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் (எஸ்எல்எஃப்) 1945 முதல் இந்த அறிவிப்பை வெளியிட்டு வருகிறது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நான்கிலும் இருக்கிறது. ‘ஒயிட் ரிஸ்க்’ செயலியில் இலவசமாகவே பார்க்கலாம். ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள்: 1 சிறிது, 2 மிதம், 3 கணிசம், 4 பெரிது, 5 மிகப் பெரிது. இந்த அளவுகோலை ஐரோப்பிய நாடுகள் 1993இல் பொதுவாக ஏற்றுக்கொண்டன.

ஒவ்வொரு படிக்கும் ஆபத்து ஒன்றொன்றாகக் கூடுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. 5 வந்தால் ஊர்களே காலியாகும், யாரும் சறுக்கப் போவதில்லை. 4இலும் பெரும்பாலானோர் வீட்டில் இருப்பார்கள். 3இல்தான் வெயில் அடிக்கிறது, புதுப்பனி கிடக்கிறது, ‘நடுத்தரம்தானே’ என்று எல்லோரும் வெளிக்கிடுகிறார்கள். சுவிஸில் குளிர்கால நாட்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று நாட்களுக்குத்தான் 3 அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நாட்களில்தான் போகிறார்கள். ‘கணிசம்’ என்ற சொல்லை அந்தக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள்.

எண்ணோடு நிறுத்தவும் வேண்டாம். எந்தத் திசை பார்த்த சாய்வுகள், எத்தனை மீட்டருக்கு மேல் என்று ஒரு சிறு திசைப்படம் இருக்கும். பிரச்சினை என்ன வகை என்றும் சொல்லியிருப்பார்கள்: புதுப்பனி, காற்று குவித்த பனி, பழம்பனி, ஈரப்பனி, நிலத்தோடு வழுகும் பனி. காற்று குவித்த பனியைப் பழகிய கண்ணால் ஓரளவு கண்டுபிடித்து விலகலாம். பழம்பனி என்று போட்டிருந்தால் அந்தச் சீனி அடியில் கிடக்கிறது, மேலிருந்து பார்த்துத் தெரியாது. கிரவுபுண்டன் மாநிலத்திலும் வாலிஸ் மாநிலத்தின் உள்மலைகளிலும் இது வாரக்கணக்கில் நீடிக்கும். அந்த வாரங்களில் நான் சப்பையான சாய்வுகளைத் தவிர வேறெங்கும் போவதில்லை. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

எவ்வளவு சாய்வு ஆபத்து? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

முப்பது பாகை. இந்த எண்ணை மனதில் ஆழப் பதியுங்கள். பலகைப் பனிச்சரிவு அநேகமாக முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் அறுகிறது.

கண் ஏமாற்றும். பழகாதவர் கண்ணுக்கு 27 பாகையும் 34 பாகையும் ஒன்றுபோலத் தோன்றும். அதனால் அளவை வீட்டிலேயே தொடங்கவேண்டும். சுவிஸ் அரசின் நிலவரைபடத் துறையான சுவிஸ்டோப்போவின் இணைய வரைபடத்தில் சாய்வுப் படலம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்: 30 முதல் 35 வரை மஞ்சள், 35 முதல் 40 வரை செம்மஞ்சள், 40 முதல் 45 வரை சிவப்பு, அதற்கு மேல் ஊதா. வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் பாதை போனாலும், அதன் தலைக்கு மேல் சிவப்பு தொங்குகிறதா என்று பாருங்கள். மேலே அறுவது கீழே நிற்பவரில்தான் வந்து விழும்.

மலையில் நின்று அளக்க இரண்டு ஊன்றுகோல் போதும். இரண்டும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். ஒன்றைச் சாய்வின் நேர் இறக்கத்தில் பனிமேல் படுக்கவைத்து அழுத்தினால் அதன் அச்சு விழும். மேல் நுனியை அச்சின் உச்சியிலேயே வைத்துக்கொண்டு கீழ் நுனியைத் தூக்குங்கள். தூக்கிய நுனியிலிருந்து மற்றக் கோலை நேர்குத்தாகத் தொங்கவிட்டு, அது பனியைத் தொடும்வரை இறக்குங்கள். அச்சின் கீழ்முனையிலேயே தொட்டால் சாய்வு சரியாக 30 பாகை. அதற்கும் கீழே போய்த் தொட்டால் 30க்கு மேல், ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய மூன்று பாகை கூட்டிக்கொள்ளுங்கள். கேட்கச் சிக்கலாக இருக்கும். முற்றத்து மேட்டில் இரண்டு தடவை செய்தால் கை பழகிவிடும்.

அறிவிப்பையும் சாய்வையும் இணைத்துப் பார்க்க, மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990களில் ஓர் எளிய கணக்கைப் பரப்பினார். படி 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே. அவர் கணக்கில் இன்னொரு பாதியும் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள்: படி 2இல் நீங்கள் போகும் தடத்தின் சுற்றுவட்டத்தைப் பார்த்தால் போதும், 3இல் முழுச் சாய்வையும் பார்க்கவேண்டும், 4இல் கீழே பனி வந்து விழக்கூடிய தரையையும் சேர்க்கவேண்டும். தொடக்கக்காரர் இந்த எல்லைகளைத் தொடாமல் இன்னும் ஐந்து பாகை கீழே நிற்பது நல்லது.

மலை முன்கூட்டி எச்சரிக்குமா?

பல வேளைகளில் எச்சரிக்கும். பக்கத்துச் சாய்வில் புதிதாக இறங்கிய பனிச்சரிவு, பலகை முனையிலிருந்து ஓடும் வெடிப்பு, காலடியில் ‘வும்ம்’ என்று ஒரு தாழ்ந்த ஒலி. அந்த ஒலி, அடியில் இருக்கும் சீனிப் படை அமுங்கிச் சரியும் ஒலி. அதைக் கேட்டால் செங்குத்தான எதற்கும் அன்றைக்குப் போகக்கூடாது.

நான் அதை முதன்முதலில் கேட்டது கிரவுபுண்டனில், ஒரு ஜனவரிக் காலை. நாங்கள் நாலு பேர். முன்னால் போனவர் வயதில் மூத்தவர், என்னை மலைக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். சப்பையான ஒரு மேட்டில் ‘வும்ம்’ என்றது, பனி முழுவதும் ஒரு விரற்கடை கீழே இறங்கியதுபோல் இருந்தது. பின்னால் வந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணா நடந்துகொண்டே இருந்தார், நாங்களும் பின்னால் நடந்தோம். கால்மணி நேரத்துக்குப் பிறகு அடுத்த மேட்டில் அவர் பலகை முனையிலிருந்து முப்பது மீட்டருக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அந்த மேடு முப்பது பாகைக்குக் குறைவு, அதனால் பனி அப்படியே நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, ‘முதல் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?’ என்றார். தொப்பியும் காற்றும் மறைத்து அவருக்குக் கேட்டிருக்கவில்லை. எங்கள் மூவருக்கும் கேட்டிருந்தது.

அப்படியென்றால் பெரியவர் போகும்போது சின்னவர் எப்படி மறிப்பது? மரியாதைக் குறைவாகாதா?

இதைப் பற்றி எந்த ஜெர்மன் பாடநூலும் எங்களுக்கு ஏற்றமாதிரிச் சொல்லித் தராது. அதனால் நானே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளைப் பார்த்து, மனிதர் எந்த இடங்களில் மனம் வழுக்கிப் போகிறார்கள் என்று காட்டினார். பழகிய இடம் என்ற துணிவு, எடுத்த இலக்கை விட மனமின்மை, மற்றவர் முன் நல்ல பெயர் எடுக்கும் ஆசை, முதல் தடம் நான் போடவேண்டும் என்ற அவசரம், மற்றவர்கள் போகிறார்களே என்ற தெம்பு. இவற்றோடு, கூட்டத்தில் ஒருவரைத் தலைவராக நினைத்துக்கொண்டு தன் கண்ணை மூடிவிடுவது. கடைசியில் சொன்னது எல்லா இனத்துக்கும் பொது. எங்களுக்கு அது இரட்டிப்பு. அண்ணா சொன்னால் சரி, அக்கா போனால் போகலாம் என்றுதான் வளர்ந்தோம். வீட்டில் அது நல்ல பழக்கம். பனியில் அது ஆளைக் கொல்லும். பனிக்கு வயது தெரியாது.

வழி இருக்கிறது. பேச்சை மலையில் தொடங்காமல் முதல்நாள் இரவே தொடங்கவேண்டும். எங்கள் குழுவில் இப்போது மூன்று இடங்களை வரைபடத்தில் குறித்துவைத்து, அந்த இடம் வந்ததும் எல்லோரும் நிற்கிறோம். அங்கே வயதில் குறைந்தவர்தான் முதலில் பேசுவார். பெரியவர் கடைசியில் பேசுவார். ஒரே ஒருவர் ‘எனக்கு மனம் சரியில்லை’ என்றாலும் திரும்புவோம், காரணம் கேட்பதில்லை. அன்று இரவு வீட்டில் அதைப் பற்றிக் குறைசொல்லும் கதையும் இல்லை. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அந்த அண்ணாவேதான். சின்னவர் மறிப்பதை மரியாதைக்கேடு என்று எண்ணாமல், அதைக் கேட்டு வாங்குவது பெரியவரின் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

என்னென்ன கருவி வாங்கவேண்டும்?

மூன்று, ஒருவருக்கு ஒரு தொகுதி. எல்விஎஸ் எனப்படும் தேடுகருவி, மடித்து விரிக்கும் துழாவுகோல், உலோகச் சவள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் ஏறக்குறையப் பயனில்லை. சவள் இல்லாவிட்டால், ஆள் எங்கே என்று தெரிந்தும் கையால் தோண்ட முடியாது. இறங்கி நின்ற பனி சீமெந்துபோல் இறுகிவிடும்.

எல்விஎஸ் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பை அனுப்பும். உடம்போடு கட்டி, காலையில் போட்டால் மாலையில் திரும்பும்வரை அணைக்கக் கூடாது. கைப்பேசி, ஹெட்லாம்பு, சூடாக்கும் கையுறை எல்லாம் அதைக் குழப்பும். அனுப்பும்போது குறைந்தது இருபது சென்டிமீட்டர், தேடும்போது ஐம்பது சென்டிமீட்டர் விலக்கி வைக்கவேண்டும். இந்தக் கருவியைப் பழையதாக, முன்பின் தெரியாதவரிடம் வாங்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சவளையும் தோலையும் பழையதாய் வாங்கலாம்.

ஒருவர் புதைந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் அவர் எந்த இடத்தில் கண்ணுக்கு மறைந்தார் என்பதைக் கண்ணால் பிடித்து வையுங்கள். இன்னொரு சரிவு வருமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒருவர் 1414க்கு அழைக்கட்டும், அது ரேகா வான்மீட்புச் சேவை. வாலிஸில் 144. ஐரோப்பா எங்கும் 112 வேலை செய்யும். மற்றவர்கள் உடனே எல்விஎஸ்ஸைத் தேடும் நிலைக்கு மாற்றவேண்டும். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையில் விட்டால், எல்லோரும் அவரையே தேடி ஓடுவார்கள்.

சிக்னல் கிடைக்கும்வரை விரைவாக நடந்து, கருவிக்குச் சொல்லப்பட்ட அகல இடைவெளியில், விழுந்த பனி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடுங்கள். பனிமேல் கிடக்கும் கையுறை, பலகை எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள், அதன் மறுமுனையில் ஆள் இருக்கலாம். சிக்னல் வந்ததும் அம்புக்குறி காட்டும் வளைவில் போங்கள். கருவி காட்டும் தூர எண் பத்துக்குக் கீழே வந்தால் வேகத்தைக் குறையுங்கள். மூன்றுக்குக் கீழே வந்தால் குனிந்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி மிகச் சிறிய எண்ணைத் தேடுங்கள். அந்த இடத்தில் துழாவுகோலைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக இறக்குங்கள். கிடைக்காவிட்டால் சுருள் வடிவில், இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில். ஆளைத் தொட்டால் கோல் மெத்தென்று நிற்கும். அதன்பின் கோலை எடுக்கவே கூடாது.

பலரும் குறைத்து எடைபோடுவது தோண்டுவதைத்தான். கோலுக்கு நேர்மேலே நின்று கிணறுபோல் தோண்டினால் புதைந்தவரின் மூச்சுவெளியை நீங்களே மிதித்துவிடுவீர்கள். சாய்வின் கீழ்ப்பக்கத்தில் நின்று, கோலை நோக்கி உள்ளே போங்கள். ஒருவர் முன்னால் வெட்ட, மற்றவர்கள் பின்னால் ‘வி’ வடிவில் நின்று பனியைத் தள்ளி அகற்றவேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் வெட்டுபவர் மாறவேண்டும். முகத்தை முதலில் திறந்து வாயையும் மூக்கையும் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழம் என்பது கேட்கச் சின்னது. பயிற்சியில் ஒருமுறை தோண்டிப் பாருங்கள், கை உதறும்.

சியாச்சினில் ஒரு வீரர் ஆறு நாள் பனிக்குள் இருந்து உயிரோடு வந்தாரே? நேரம் இருக்கிறதுதானே?

2016 பெப்ரவரியில் சியாச்சின் பனியாற்றில் மதராஸ் ரெஜிமெண்ட்டின் பத்து வீரர்கள் புதைந்ததை எங்கள் ஆட்கள் யாரும் மறக்கவில்லை. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டார், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். அவர் இருந்தது ஒரு கூடாரத்துக்குள். அவரைச் சுற்றி மூச்சுக்குக் காற்று இருந்தது. சறுக்கும்போது சிக்குகிறவருக்கு அது கிடையாது. வாய்க்கு முன்னால் உள்ள பனி, அவர் மூச்சின் ஈரத்தாலேயே உறைந்து கட்டியாகிறது.

பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரமானால் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பதில்லை. முன்பு பதினைந்து, பதினெட்டு நிமிடம் என்று படிப்பித்தார்கள். 2024இல் வெளிவந்த சுவிஸ் தரவுகள் அதைப் பத்தாகக் குறைத்துவிட்டன. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைந்தாலும் பத்து நிமிடத்துக்குள் வந்து தோண்டித் தருவது அரிது. கூட வந்தவர்களின் கையில்தான் உயிர் இருக்கிறது. யாருடன் போகிறோம் என்பதை இந்தக் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள்.

ஏர்பேக் முதுகுப்பை வாங்கினால் பயமில்லையா?

விரிந்த ஏர்பேக் ஆளைப் பனியின் மேல்மட்டத்தில் வைத்திருக்க உதவும், இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று ஆய்வு உண்டு. மீதிப் பாதி என்ன? பாறையிலும் மரத்திலும் அடிபடுவதை அது தடுக்காது. பணம் இருந்தால் வாங்குங்கள். முதலில் வகுப்புக்குக் கட்டுங்கள்.

தனியாகப் போகலாமா?

கூடாது. உங்கள் எல்விஎஸ் அனுப்பும் துடிப்பைப் பிடித்துத் தேட ஆள் வேண்டும்.

காட்டுக்குள் போனால் பாதுகாப்பா?

பலகையோடு நுழைய முடியாத அளவு நெருக்கமான காடு பாதுகாப்பானது. சுகமாகச் சறுக்கக்கூடிய இடைவெளி இருந்தால் பனி அறுவதற்கும் அங்கே இடம் இருக்கிறது.

வசந்தத்தில் ஆபத்துக் குறைவா?

ஆபத்து மணிக்கூட்டோடு நகரும். இரவு தெளிவாக இருந்து பனி இறுக உறைந்தால் விடியற்காலை நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பனி பாரமாகும். ஏப்ரலில் நான் இருட்டோடு வெளிக்கிட்டு, மதியத்துக்கு முன் கீழே நிற்பேன். இரவு மேகம் மூடி உறையாவிட்டால் படுக்கையை விட்டே எழும்புவதில்லை.

வகுப்பு எங்கே படிப்பது? டொச் (ஜெர்மன்) கொஞ்சம்தான் தெரியும்.

1863இல் தொடங்கிய சுவிஸ் அல்பைன் கழகத்துக்கு நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. பெரும்பாலான கிளைகள் டிசம்பர், ஜனவரியில் பனிச்சரிவு வகுப்பு வைக்கின்றன, ஒரு மாலை பாடமும் ஒரு வார இறுதி மலையும். மலை வழிகாட்டிகளின் பள்ளிகளும் நடத்துகின்றன. இளையோருக்கு அரசின் ‘யூகன்ட் உன்ட் ஸ்போர்ட்’ திட்டத்தின் கீழ் முகாம்கள் உண்டு. மேற்கு சுவிஸில் எல்லாம் பிரெஞ்சில். மொழி குறைவு என்று தயங்கவேண்டாம். ஒயிட் ரிஸ்க் தளத்தில் படங்களோடும் காணொளியோடும் பாடங்கள் இருக்கின்றன, நவம்பரில் அதை முடித்துவிட்டுப் போனால் வகுப்பில் சொற்கள் புதிதாக இராது.

ஒரு வகுப்போடு நிறுத்தவேண்டாம். தேடும் பயிற்சி கையில் தங்காது. சில சறுக்கு மையங்களில் பனிக்குள் கருவிகளைப் புதைத்துவைத்த பயிற்சித் திடல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அங்கே அரைநாள் செலவழியுங்கள். நாங்கள் நத்தார் விடுமுறையில் ஒரு கருவியைப் பைக்குள் போட்டுப் பூங்காவில் புதைத்து, பிள்ளைகளைத் தேடவிடுவோம். அவர்கள் எங்களைவிட வேகம்.

அம்மா அப்பா பயப்படுகிறார்கள். எப்படிச் சமாதானப்படுத்துவது?

சமாதானப்படுத்துவது என் நோக்கம் இல்லை. அவர்கள் பயம் நியாயமானது. சுவிஸில் ஆண்டுக்குச் சராசரியாக இருபது பேர் அளவில் பனிச்சரிவில் இறக்கிறார்கள், அநேகமாக எல்லோரும் கம்பம் தாண்டிப் போனவர்கள். எண்பதுகளில் உயிர் தப்பி இந்த நாட்டுக்கு வந்து, உணவகச் சமையலறைகளில் நின்று பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு, பிள்ளை விரும்பிப் போய் ஆபத்தைத் தொடுவது விளங்காமல் போவதில் என்ன பிழை?

பொய் சொல்லிப் போகவேண்டாம். எங்கே போகிறீர்கள், எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்பி அழைப்பீர்கள், அழைப்பு வராவிட்டால் எத்தனை மணிக்கு 1414க்குச் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். என் அம்மா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைப்பார். இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அறிவிப்பைத் திறந்து, எனக்கு முன்பே வாசிப்பவர் அவர்தான். ‘நாளைக்குப் பழம்பனியாம், மூன்றாம்’ என்று தொலைபேசியில் சொல்வார். நானும் பாதையை மாற்றுவேன்.

முதல் பயணத்துக்கு எப்படிப்பட்ட இடம் எடுக்கலாம்?

வகுப்பு முடித்தவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். அறிவிப்பு 1 அல்லது 2. பாதை முழுவதும், அதன் தலைக்கு மேலேயும், வரைபடத்தில் நிறம் இல்லாமல் இருக்கவேண்டும். அல்பைன் கழகத்தின் தர வரிசையில் ‘எல்’ என்று குறித்த சுலபமான பாதைகள் ஏராளம். எழுநூறு எண்ணூறு மீட்டர் ஏற்றம் முதல் நாளுக்குத் தாராளம். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே பேசிவையுங்கள்.

வண்டியை நிறுத்தி, தோல் ஒட்டி முடிந்ததும் ஒருவர் பத்து மீட்டர் முன்னால் போய், எல்விஎஸ்ஸைச் சோதனை நிலையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகவேண்டும். ஒவ்வொருவரின் துடிப்பும் தனித்தனியே கேட்கவேண்டும். கேட்காத ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். எல்லோரும் கடந்ததும், சோதித்தவரும் தன் கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றிவிட்டாரா என்று கூடவே ஒருவர் பார்க்கவேண்டும்.